அந்த ஸ்கேலைச் சாய்த்துப் பிடித்தது யார்?

ஓய்வுபெற்ற ஜே.ஈ. (இளநிலைப் பொறியாளர்), முதலியார்பேட்டை:
நேற்று இங்கே ஒரு டீச்சர் எழுதியிருந்தார். ஒன்பதாம் வகுப்பில் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல், தமிழ் என எல்லாப் பாடத்திலும் பொறியியலைச் சேர்த்தாராம். மூன்றே வாரத்தில் புதுச்சேரிக் கடலரிப்புக்கான காரணத்தைப் பிள்ளைகள் ‘தாங்களே கண்டுபிடித்தார்களாம்’. படித்ததும் எரிச்சல் வந்தது. அவர் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலுமினியத் தாம்பாளம், மணல், தண்ணீர், இரண்டு செங்கல் துண்டு, அலை எழுப்ப ஒரு மரஸ்கேல். அந்த ஸ்கேல் சாய்ந்திருக்கிறது. சாய்த்துத் தள்ளினால் மணல் ஒரு பக்கமாகத்தான் போகும். விடையைக் கையில் கொடுத்துவிட்டு அதைக் கண்டுபிடிப்பு என்பதா? முப்பது வருஷம் இந்தக் கரையில் தரைமட்டம் அளந்து லெவல் எடுத்தவன் கேட்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
சார், கடலிலும் அலை சாய்ந்துதானே வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அது மணலை வடக்கே தள்ளுகிறது. மழைக்காலத்தில் திசை மாறினாலும், வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1989இல் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்பு கட்டி முடித்தார்கள். தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்கே ஊர்க் கடற்கரை போனது. தாம்பாளத்தில் அந்த அலைதடுப்பாகச் செங்கலை வைத்த ஐந்தாவது நிமிஷம் ஒரு பக்கம் மணல் மேடு, மறுபக்கம் தட்டின் அடி பளபளவென்று தெரிந்தது. வடக்குக் கரையில் இருக்கும் வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன் அந்தப் பளபளப்பில் விரலை வைத்து, “எங்க வீடு இங்கதான் டீச்சர்” என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
வைத்திக்குப்பம் பற்றி நான் கேட்கவில்லை. ஸ்கேலைச் சாய்த்தது யார்?

தமிழாசிரியை, லாஸ்பேட்டை:
ஸ்கேல் இருக்கட்டும். தமிழ்ப் பாடவேளை நான்கு போனதே, அதை யார் திருப்பித் தருவார்கள்? எங்கள் பள்ளியிலும் இதே கூத்துதான். செய்யுளைப் பாதியில் நிறுத்திவிட்டு ‘அறிக்கை எழுது’ என்கிறார்கள். பொறியியல் வேண்டுமென்றால் அறிவியல் பாடவேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
அம்மா, அந்த நான்கு பாடவேளையில் பிள்ளைகள் கரைக்குப் போய் மீனவர்களிடம் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்கு இருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வந்தார்கள். எந்தக் காற்றில் மணல் எந்தப் பக்கம் ஓடும் என்று பாட்டிமார்கள் சொன்னார்கள். இது தமிழ் இல்லையா?

தமிழாசிரியை, லாஸ்பேட்டை:
தமிழ்தான். தேர்வில் கேட்பார்களா? போன வருஷம் நோட்டு திருத்தும் விஷயத்திலும் இப்படித்தான் அழகாகப் பேசி என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

கடலூர் தேவனாம்பட்டினம்:
புதுச்சேரிக்காரர்களுக்குக் கடல் என்றால் காந்தி சிலை முன்னால் இருப்பது மட்டும்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்தது. எங்கள் தெருவில் ஷீட் போட்ட வீடுகளுக்குக் கூரை பறந்தது, ஆணி மட்டும் கட்டையில் நின்றது. ஷீட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தாருங்கள். வீராணம் ஏரியும், கொள்ளிடம் ஆற்றில் 1836இல் கட்டிய கீழணையும் எங்கள் பக்கம்தானே இருக்கின்றன? வரலாற்றுப் பாடத்தில் வருஷத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
தம்பி, பேச்சை மாற்றாதீர்கள். படத்தில் ஸ்கேலைப் பிடித்திருக்கும் கையில் வளையல் இருக்கிறது. அது பிள்ளையின் கை இல்லை.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
என் கைதான் சார். ஒரு மாணவி மணல் நிரப்பும்போது வாங்கிப் பிடித்தேன். முதல் நாள் பிள்ளைகள் நேராகத்தான் தள்ளினார்கள். மணல் முன்னும் பின்னும் போனதே தவிர, பக்கவாட்டில் நகரவில்லை. அப்புறம் கரையில் நின்று நுரை எந்தப் பக்கமாக ஏறி வருகிறது என்று பார்த்துவிட்டு வந்து, அவர்களே சாய்த்தார்கள்.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
அந்த முதல் நாள் படம் எங்கே? வளையல் கை படம் மட்டும்தானே இருக்கிறது?

முத்தியால்பேட்டை அப்பா:
ஜே.ஈ. சார், 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி கடலில் விழுந்தது. பெரியவர்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஒன்பதாம் வகுப்பைக் கேள்வி கேளுங்கள்.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
அந்தப் பாலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அதை வைத்து என் முப்பது வருஷத்தைக் கேவலப்படுத்த வேண்டாம். நான் கல் சுமந்த வெயில் உங்களுக்குத் தெரியாது. பொறியியல் என்றால் அளவு. எத்தனை டிகிரி சாய்த்தார்கள், எத்தனை தடவை செய்தார்கள், தாம்பாளத்தின் நீளம் என்ன? எதுவும் இல்லை. 2018இல் தலைமைச் செயலகம் பக்கம் அலையின் வேகத்தைக் குறைக்கக் கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டார்களே, எத்தனை கணக்குப் போட்டபின் அது இறங்கியது தெரியுமா? மணல் திரும்பியது கணக்கால்தான், வளையல் கையால் இல்லை.

தமிழாசிரியை, லாஸ்பேட்டை:
வளையல் கையை இழிவாகப் பேச வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
இழிவாகப் பேசவில்லை. கேள்வியைத் திருப்பாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
கணக்குப் பாடத்தில் கோணமானியால் அளந்தோம் சார், இருபது டிகிரி. நோட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள், பிள்ளைகளே காட்டுவார்கள்.

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
வருகிறேன். என் கோணமானியோடு வருகிறேன். அதுவரை ‘கண்டுபிடித்தார்கள்’ என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு டீச்சர்:
எடுக்க மாட்டேன் சார்.

கடலூர் தேவனாம்பட்டினம்:
கூரை ஷீட் பற்றிக் கேட்டேனே?

ஓய்வுபெற்ற ஜே.ஈ.:
தம்பி, முதலில் ஸ்கேல்.