பிரமிட் மாதிரி: மணல் ஒட்டினால் அட்டை வளைகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. மகளின் எட்டாம் வகுப்புக் கண்காட்சிக்காக, எகிப்தில் கீசாவில் இருக்கும் கூஃபு மன்னரின் பெரிய பிரமிட்டை அட்டையில் செய்துகொண்டிருக்கிறோம். மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. கட்டியபோது அடிப்பக்கம் 230 மீட்டர், உயரம் 146 மீட்டர் என்பதால் நமக்கு 23 செ.மீ. சதுரம், 14.6 செ.மீ. உயரம்.

முதல் தடவை முக்கோணங்களையே 14.6 உயரத்துக்கு வெட்டித் தொலைத்தேன். ஒட்டிப் பார்த்தால் 9 செ.மீ.தான் நின்றது, சப்பென்று. பக்கம் சாய்ந்து நிற்பதால் 18.6 வேண்டும் என்று மகள்தான் பித்தாகரஸ் போட்டுக் காட்டினாள். மானம் போனது.

சரி, இப்போது வடிவம் வந்துவிட்டது. ஆனால் சலித்த மணலை ஒட்டப் பசை தடவினால் அட்டை ஈரத்தில் ஊறி உள்பக்கமாக வளைகிறது. உள்ளே தெர்மாகோல் முட்டுக் கொடுக்கலாமா? இல்லை, மணலை விட்டுவிட்டு உப்புத்தாள் ஒட்டினால் போதுமா?

அப்புறம், ஒரு பக்கத்தைக் கதவு மாதிரித் திறந்து மன்னர் அறையைக் காட்ட ஆசை. அசல் அறையின் நீளமே சுமார் 10.5 மீட்டர். நம் கணக்கில் ஒரு சென்டிமீட்டர், அழிரப்பர் அளவுகூட இல்லை. அதை மட்டும் பெரிதாக்கினால் தப்பா? சனிக்கிழமை கொடுக்க வேண்டும், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.