நெரிஞ்சிப்பேட்டை பக்கம் காவிரியில் இப்போது என்ன மீன் கடிக்கும்?

பவானிக்காரன்:
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு அம்மாபேட்டை, நெரிஞ்சிப்பேட்டை பக்கம் தூண்டில் போடலாம் என்று இருக்கிறோம். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி உபரி வந்ததில் போன வாரம் வரை படித்துறையெல்லாம் முழுகிக் கிடந்தது. இப்போது திறப்பைக் குறைத்துவிட்டார்கள், ஆனாலும் தண்ணீர் செங்கலங்கல்தான். இதில் கெண்டை கடிக்குமா? மைதா உருண்டை போதுமா, மண்புழு வேண்டுமா?

கரையோரத்தான்:
தம்பி, நான் அம்மாபேட்டைதான். நேற்று சாயங்காலம்கூட ஆற்றுப் பக்கம் போய் வந்தேன். இந்தக் கலங்கலில் கட்லா, ரோகு மாதிரிக் கெண்டைகளுக்கு உட்கார்ந்தால் பொழுதுதான் போகும். இது கெளுத்திக்கான தண்ணீர். மீசையாலேயே இரையைக் கண்டுபிடிக்கிற மீனுக்குக் கலங்கல் ஒரு தடையே இல்லை. மிதக்கிற தக்கையைக் கழற்றிவிட்டு, ஈயம் கட்டி, மண்புழுவின் வால் நெளியும்படி தூண்டில் முள்ளில் கோத்து அடியில் கிடக்க விடுங்கள். கல் இடுக்கு உள்ள இடமென்றால் அதே புழுவுக்கு ஆரால் மீனும் வரும்.

இடம்தான் முக்கியம். நடு ஆற்று இழுப்பில் ஈயம் நிற்காது. தண்ணீர் கரை மேட்டில் மோதித் திரும்பி, நுரையும் சருகும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் ஒதுக்கமாகப் பாருங்கள். வேகத்துக்குத் தப்பி மீன் அங்கேதான் ஒதுங்கும், அடித்து வரும் இரையும் அங்கேதான் சேரும். பொழுது சாயும்போது போவது நல்லது.

கெளுத்தியைக் கழற்றும்போது கவனம். முதுகில் ஒரு முள், செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. ஈரத்துணியால் பிடித்து, பக்க முள்ளுக்குப் பின்புறம் விரல் கொடுத்து அழுத்துங்கள். குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைக்கவும், கடுப்பு குறையும்.

முழங்கால் தண்ணீரில் நின்றால் பாதம் தெரிகிற அளவுக்குத் தெளியட்டும். அப்புறம் மைதாவில் கடலைப் புண்ணாக்குத் தூள் பிசைந்து தக்கையோடு போடுங்கள், கெண்டை வரும். ஜிலேபி மீன் கரையோரத்திலேயே கடிக்கும்.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணா. விரால் கிடைக்குமா? தம்பி அதற்குப் போலி இரையாக ரப்பர் தவளை வாங்கி வைத்திருக்கிறான்.

கரையோரத்தான்:
ஓடுகிற தண்ணீரில் விரால் நிற்காது. ஆற்றுக்குக் குறுக்கே மதகு வைத்துக் கட்டிய கதவணைத் தேக்கத்தின் ஓரம், ஆகாயத்தாமரை படர்ந்த இடங்களில் இருக்கும். ஆனால் இது விரால் குஞ்சு பொரிக்கும் காலம். மேல்மட்டத்தில் செக்கச்செவேலென்று பொடிக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளித்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கே தவளையைப் போட்டால் கட்டாயம் அடிக்கும். பசிக்காக இல்லை, குஞ்சைக் காக்க. அதைப் பிடித்துவிட்டால் மற்ற மீன்கள் அத்தனை குஞ்சையும் தின்றுவிடும். தயவுசெய்து அந்த இடத்தை விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். நம் ஆற்றில் விரால் இன்னும் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பூலாம்பட்டியான்:
நான் அக்கரைக்காரன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கதவணைக்குக் கீழே பாறைகளில் உட்கார வேண்டாம். மேலே மதகைத் தூக்கினால் தண்ணீர் மளமளவென்று ஏறிவிடும். தேக்கத்தில் பரிசலில் வலை போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தூண்டில் போடுங்கள், அது அவர்கள் பிழைப்பு. ஆப்பிரிக்கன் கெளுத்தி மாட்டினால் மட்டும் திரும்ப ஆற்றில் விடாதீர்கள். வளர்க்கவே தடை உள்ள மீன் அது, நாட்டு மீன் குஞ்சுகளை மிச்சம் வைக்காது.

பவானிக்காரன்:
சரிங்க அண்ணா. மண்புழுவோடு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வருகிறோம். ரப்பர் தவளை வீட்டிலேயே இருக்கட்டும்.