ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை அடைப்புக்குறிக்குள் அடக்கலாமா?

முத்தியாலுப்பேட்டை ஆய்வாளர்:

அனைவருக்கும் வணக்கம். 1746 முதல் 1748 வரை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரினால் புதுச்சேரியிலும் கடலூரிலும் துணி வணிகம் எவ்வாறு பாதிக்கப்பட்டது என்பது பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி, ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். மதிப்பீட்டாளர் பார்வைக்கே போகாமல் அது திரும்பி வந்துவிட்டது. உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடிக்குறிப்புகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தந்து, இறுதியில் துணைநூற்பட்டியல் சேர்த்து அனுப்புமாறு மட்டும் எழுதியிருக்கிறார்கள். என்னுடைய முதன்மைச் சான்று, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. அதை இந்த முறைக்கு மாற்றினால் “(பிள்ளை, 1904)” என்று வந்து நிற்கிறது. 1761இல் மறைந்தவர் 1904இல் எழுதியதாகக் காட்டுவது எனக்கே கூசுகிறது. மாற்றிக் கொடுப்பதா, வேறு இதழுக்கு அனுப்புவதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கெடிலக்கரையான்:

வேறு இதழுக்கு அனுப்புங்கள், அம்மா. கடலூரில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. முதல் தொகுதிகளைப் பிரைசும் ரங்காச்சாரியும் பதிப்பித்தார்கள். பின்னவற்றை டாட்வெல் ஏற்றுக்கொண்டார். அதற்கு மறுபதிப்பு உண்டு. தமிழ் மூலமும் தனியே அச்சாகியிருக்கிறது. கையெழுத்துப் படிகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரே நாளின் குறிப்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கத்தில் வரும். ஆகவே நாட்குறிப்பைப் பொறுத்தவரை நாளே சான்று. அச்சிட்ட ஆண்டும் பக்க எண்ணும் அதற்குத் துணை நிற்பவை மட்டுமே. நாள், தொகுதி, பக்கம், படிகளுக்கிடையே வேறுபாடு இருந்தால் அது, இவை அனைத்தையும் வாசிப்பவரின் ஓட்டம் தடைப்படாமல் பக்கத்தின் அடியில் வைப்பதற்காகத்தான் அடிக்குறிப்பு இருக்கிறது.

ஏ.பி.ஏ. முறை 1929இல் அமெரிக்க உளவியலாளர்கள் தங்கள் ஆய்வறிக்கைகளுக்காக வகுத்தது. எந்த ஆய்வு அண்மையது என்பதை ஆண்டைப் பார்த்த உடனே அறிய வேண்டிய துறைக்கு அது பொருத்தம்தான். நூல் பதிப்பு நெறிகளுக்கான ஷிகாகோ கையேடு, வரலாறு, இலக்கியம் போன்றவற்றுக்குக் குறிப்பு முறையையும், அறிவியல்களுக்கு ஆசிரியர்–ஆண்டு முறையையும் இன்றுவரை தனித்தனியே வைத்திருக்கிறதே, காரணம் இல்லாமலா? எல்லாத் துறைகளுக்கும் ஒரே படிவத்தைக் கொடுக்கும் இதழ், வரலாற்றுக் கட்டுரையை வாசிக்கத் தெரிந்த இதழாக இருக்க முடியாது.

மெய்ப்பு:

ஐயா கூறுவதில் முதல் பாதியை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. லாஸ்பேட்டையிலிருந்து சில ஆய்விதழ்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். அடிக்குறிப்பு முறையின் பெருமையைக் கேள்விப்படுவதைவிட, அதன் இடிபாடுகளை அதிகமாகப் பார்ப்பவன் நான்.

ஒரு கட்டுரையில் 17ஆம் குறிப்பு நாட்குறிப்பின் ஒரு தொகுதி, 18ஆம் குறிப்பு “மேலது, ப. 47” (அதாவது, முந்தைய குறிப்பில் உள்ள அதே நூல்) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நெறியாளர் சொன்னார் என்று ஆசிரியர் இரண்டுக்கும் நடுவே வேறொரு நூலுக்கு ஒரு குறிப்பைச் செருகுகிறார். கணினி எண்களை ஒழுங்காக மாற்றிக்கொடுத்துவிடும். “மேலது” மட்டும் புதிதாக வந்த நூலைக் காட்டத் தொடங்கிவிடும். ஆசிரியருக்கும் தெரியாது, மதிப்பீட்டாளருக்கும் தெரியாது. அச்சான பிறகு அந்த 47ஆம் பக்கத்தைத் தேடிப் போகிறவர்தான் ஏமாறுவார். இதனால்தான் ஷிகாகோ கையேடும் 2017இல் வந்த 17ஆம் பதிப்பில், “மேலது” என்பதற்கு ஈடான குறியைத் தவிர்த்து ஆசிரியர் பெயரோடு சுருக்கத் தலைப்பைத் தருவதே நல்லது என்று சொல்லிவிட்டது. நம்மவர்கள் இன்னும் “மேலது”, “மு.கா.நூ.” (முன் காட்டிய நூல்) என்று அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து, ஏ.பி.ஏ. முறை நாளைத் தடுக்கவில்லை. “1746 செப்டம்பர் 21 நாளிட்ட குறிப்பில் ஆனந்தரங்கப் பிள்ளை” என்று வாக்கியத்திலேயே எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் தொகுதியையும் பக்கத்தையும் தரலாம். மறுபதிப்பைப் பயன்படுத்தினால் முதற்பதிப்பின் ஆண்டையும் கையிலுள்ள பதிப்பின் ஆண்டையும் சாய்கோடிட்டுச் சேர்த்துத் தர அந்த முறையே சொல்கிறது. செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண்ணே வேண்டாம், பகுதி எண்ணும் பாடல் எண்ணும் போதும் என்றும் அதில் இருக்கிறது. திருப்பாதிரிப்புலியூருக்கு அப்பர் பாடிய “ஈன்றாளுமாய்” பதிகத்தை 4.94 என்று குறித்தால், எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் நேரே அங்கே போய்விடுவார். அந்த வசதியை அடைப்புக்குறி பறித்துவிடவில்லை. கையேட்டைத் திறக்காமல், இணையத்தில் கிடைத்த ஒரு பக்கச் சுருக்கத்தை வைத்து மாற்றுவதால்தான் “(பிள்ளை, 1904)” வருகிறது.

இதழை மாற்றுவது பணி ஓய்வு பெற்றவர்களுக்கு எளிது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் காத்திருப்பவருக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை மாதம் போகும் என்பது ஐயாவுக்குத் தெரியாததல்ல.

கெடிலக்கரையான்:

ஓய்வைப் பற்றிய குத்தலை விட்டுவிடுகிறேன்.

பெயருக்கு வருவோம். குடும்பப் பெயரை முன்னால் வைத்து அகர வரிசைப்படுத்து என்பது ஐரோப்பியப் பெயர்களுக்காக வந்த விதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்து தந்தையையோ ஊரையோ குறிக்கும். ஈற்றில் நிற்பது பெரும்பாலும் பட்டப் பெயர். ஆனந்தரங்கப் பிள்ளையைப் “பிள்ளை” ஆக்கினால், அவருக்குப் பின் அதே குடும்பத்தில் நாட்குறிப்பு எழுதிய திருவேங்கடம் பிள்ளையை என்ன செய்வீர்கள்? இருவரும் “பிள்ளை”தான். பட்டியலில் பி வரிசை முழுவதும் பிள்ளைகள், மு வரிசை முழுவதும் முதலியார்கள், நா வரிசையில் நாயக்கர்கள் என்று அது சாதிவாரிக் கணக்கெடுப்பாக முடியும்.

மெய்ப்பு:

அந்தப் பிழை முறையினுடையது அல்ல, ஐயா. படிவத்தில் குடும்பப் பெயர் என்று கேட்டிருக்கும் கட்டத்தில் “பிள்ளை”யைத் தட்டச்சு செய்தவருடையது. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு முழுப் பெயரையும் அப்படியே வைக்க வேண்டும். ஸோட்டெரோ போன்ற துணைநூற்பட்டியல் மென்பொருளில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் “ஆனந்தரங்கப் பிள்ளை” ஆ வரிசையிலும் “திருவேங்கடம் பிள்ளை” தி வரிசையிலும் போய் அமர்ந்துகொள்வார்கள். இக்கால ஆசிரியர்களுக்கு இயற்பெயரை முன்னும் தலைப்பெழுத்தைப் பின்னும் வைப்பது தமிழ் இதழ்களில் நெடுநாளாக உள்ள வழக்கம்தான்.

பழைய ஆவணம்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் நாள்தான் சான்று என்பதில் ஒத்துப்போய்விட்டீர்கள். எந்த நாள்காட்டியின் நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாள்காட்டியைத்தான் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் அதற்கு வெகு முன்பே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டார்கள். அந்த நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள். சென்னை பிரெஞ்சுக்காரரிடம் சரணடைந்தது ஆங்கிலேயர் கணக்கில் 1746 செப்டம்பர் 10. புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. சென்னை போன பிறகு ஆங்கிலேயரின் தலைமையிடம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்துவிட்டது. ஆக, கேள்வி கேட்ட ஆய்வாளர் எடுத்துக்கொண்ட ஆண்டுகள் முழுவதும், இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இரண்டு ஊர்கள் இரண்டு தேதிகளில் வாழ்ந்துகொண்டிருந்தன. கடலூரில் அக்டோபர் 1 என்று எழுதிய கடிதம் புதுச்சேரியில் அக்டோபர் 12 ஆகும். கோட்டைக் கடிதங்களையும் நாட்குறிப்பையும் ஒரே பத்தியில் வைத்து, இன்ன செய்தி கேட்டு இன்ன வணிகர் இன்னது செய்தார் என்று வாதிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அன்றைய ஆங்கிலேயர் ஆவணங்களில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே நாம் 1747 பிப்ரவரி என்று சொல்வதை அவர்கள் 1746 பிப்ரவரி என்று எழுதியிருப்பார்கள். ஆய்வாளர்கள் இதை 1746/47 என்று காட்டுவது வழக்கம்.

கெடிலக்கரையான்:

நன்றாகச் சொன்னீர்கள். மெய்ப்பு அவர்களிடம் ஒரு கேள்வி. சாய்கோடு உங்கள் முறையில் முதற்பதிப்பையும் மறுபதிப்பையும் சேர்க்கிறது. ஆவணத் துறையில் பழைய ஆண்டுக் கணக்கையும் புதியதையும் சேர்க்கிறது. ஒரே பக்கத்தில் “1746/47” என்றும், நான்கு வரி தள்ளி முதற்பதிப்பு ஆண்டுக்கும் மறுபதிப்பு ஆண்டுக்கும் நடுவே அதே கோடும் வந்தால், வாசிப்பவர் எதை எப்படிப் புரிந்துகொள்வார்? அதை விளக்க எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்? அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி போடுவீர்களா?

மெய்ப்பு:

அடிக்குறிப்பில் விளக்குவேன். சான்று காட்டுவதற்கு அடிக்குறிப்பைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் ஏ.பி.ஏ. விதி, பொருள் விளக்கத்துக்கு அது அடிக்குறிப்பை அனுமதிக்கிறது. கட்டுரையில் முதல் தேதி வரும் இடத்தில் ஒரே ஒரு குறிப்பு போதும்: தேதிகள் அனைத்தும் கிரிகோரியன் கணக்கில் தரப்பட்டுள்ளன, கோட்டை ஆவணங்களின் தேதிகள் 11 நாள் கூட்டி மாற்றப்பட்டுள்ளன, ஆண்டு ஜனவரியில் தொடங்குவதாகக் கொள்ளப்பட்டுள்ளது. அதன் பிறகு 1746/47 என்று எழுதும் தேவையே எழாது.

பழைய ஆவணம்:

மாற்றிய தேதியை மட்டும் தந்தால், ஆவணக் கட்டை எடுத்துப் பார்ப்பவருக்கு அந்தத் தேதியில் கடிதமே இருக்காது. கோட்டை ஆவணத்துக்கு அதில் உள்ள தேதியையும் சேர்த்தே தர வேண்டும்.

முத்தியாலுப்பேட்டை ஆய்வாளர்:

மூவருக்கும் நன்றி. இவ்வாறு மாற்றலாம் என்று நினைக்கிறேன். நாட்குறிப்புக்கு வாக்கியத்தில் நாளும் அடைப்புக்குறிக்குள் தொகுதி, பக்கமும். கோட்டை ஆவணத்துக்கு இரண்டு தேதிகளும். நாள்காட்டிக்கு ஒரே விளக்கக் குறிப்பு. பட்டியலில் “ஆனந்தரங்கப் பிள்ளை” ஆ வரிசையில், பதிப்பாசிரியர்கள் பெயருடன், 1904–1928 என்ற ஆண்டுடன் வரும். முன்னுரையில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழங்காலத் துறைமுகமான அரிக்கமேடு பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அதில் தொல்லியலாளர் வீலர் 1946இல் வெளியிட்ட அகழாய்வு அறிக்கையை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அறிக்கையை நேரில் பார்க்கவில்லை, விமலா பெக்லியின் நூல் வழியாகத்தான் எடுத்தேன். அதை எப்படிக் காட்டுவது?

மெய்ப்பு:

வீலரை வாக்கியத்தில் சொல்லி, “பெக்லியில் மேற்கோள் காட்டியபடி” என்று அடைப்புக்குறிக்குள் தந்து, பட்டியலில் பெக்லியை மட்டும் சேர்க்க வேண்டும். ஆனால் 18ஆம் நூற்றாண்டுத் துணி வணிகத்துக்கு அரிக்கமேடு எதற்கு? அந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.

கெடிலக்கரையான்:

வெட்டச் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றை யாரும் எழுப்பவில்லை. பட்டியலில் நீங்கள் காட்டப் போவது 1904–1928 ஆங்கில மொழிபெயர்ப்பை. உங்கள் கட்டுரையோ தமிழில். அப்படியானால் கட்டுரைக்குள் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும் தமிழ் யாருடையது? பிள்ளை தமிழில் எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். ஆங்கிலத்தை நீங்கள் மறுபடியும் தமிழாக்கி, அவர் வாய்மொழி போல மேற்கோளில் நிறுத்தியிருக்கிறீர்களா?

முத்தியாலுப்பேட்டை ஆய்வாளர்:

ஆம் ஐயா, பல இடங்களில் அப்படித்தான் உள்ளது. தமிழ் மூலத்தின் எல்லாத் தொகுதிகளும் எனக்குக் கிடைக்கவில்லை.

மெய்ப்பு:

இதில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். மூலம் கிடைத்த இடங்களில் மூலத்தின் சொற்களையே, அவருடைய எழுத்து வழக்கு மாறாமல் தாருங்கள். பட்டியலில் தமிழ்ப் பதிப்பும் தனி நூலாக இடம்பெற வேண்டும். கிடைக்காத இடங்களில் மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டு, செய்தியை உங்கள் நடையில் சொல்லி, ஆங்கிலத் தொகுதியைச் சான்றாகக் காட்டுங்கள். நம் ஊர் ரோமன் ரோலன் நூலகத்திலும் பிரெஞ்சு ஆய்வு நிறுவன நூலகத்திலும் தமிழ்த் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். வடிவம் மாற்றும் வேலையை அதன் பிறகு தொடங்குவதே நல்லது. மேற்கோள்கள் மாறினால் பக்க எண்களும் மாறும்.

கெடிலக்கரையான்:

தமிழ்ப் பதிப்பு வந்துவிட்டால் ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு பதிப்புகளின் தொகுதி, பக்க எண்கள் சேரும். அவற்றையும் வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறியில் திணித்த பிறகு ஒரு பத்தியை இங்கே வெளியிடுங்கள், அம்மா. அதை ஒரே மூச்சில் வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, எந்த இதழ் என்பதைப் பேசுவோம்.