7-இல் முடியும் எண் இரட்டைப்படையா? அவசரம்

தேன்மொழி22: 147573952589676412927. இதை 193707721-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. என் நிரலில் 1 வருகிறது. 2-ஆல் வகுத்தால் மீதி 0 என்கிறது! நாளைக் காலை வகுப்பில் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

பனைமரம்: எந்த மொழியில் எழுதினீர்கள்? நிரலைப் போடுங்கள்.

கூட்டாளி: தட்டும்போது ஓர் இலக்கம் மாறியிருக்கும், அதுதான். மொத்தம் 21 இலக்கம், கூட்டினால் 109 வரவேண்டும்.

தேன்மொழி22: 109 சரியாக வருகிறது. ஜாவாஸ்கிரிப்ட். மீதி காண வெறும் % குறிதான்.

கணக்குப்பிள்ளை: இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த எண், 2-இன் 67ஆம் அடுக்கில் 1 குறைவு. இரும எண்ணாக எழுதினால் 67 ஒன்றுகள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகையில் 53 பிட்டுக்குத்தான் (இரும இலக்கத்துக்குத்தான்) இடம். அதனால் பக்கத்தில் இருக்கும் 2-இன் 67ஆம் அடுக்காகவே பதிந்துவிட்டது. கூடிய அந்த 1-தான் உங்கள் மீதி. 9007199254740991-க்கு மேல் நம்பக்கூடாது என்பது பாலபாடம்.

பனைமரம்: ஐயா, அவசரத்தில் கேட்கிறவரிடம் கொஞ்சம் பதமாகச் சொல்லலாமே. தேன்மொழி, இரண்டு எண்களின் கடைசியிலும் ஆங்கிலச் சின்ன 'என்' (n) எழுத்தை ஒட்டுங்கள். பெரிய முழு எண்களையும் துல்லியமாக வைக்கும் பிக்இன்ட் வகை ஆகிவிடும்.

கூட்டாளி: பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644-இல் இந்த எண்ணைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 1903-இல் அமெரிக்கக் கணிதர் கோல் இரண்டு காரணிகளாக உடைத்துக் காட்டும்வரை யாருக்கும் தெரியாது, இல்லையா?

கணக்குப்பிள்ளை: தவறு. பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 1876-லேயே நிறுவிவிட்டார்.

கூட்டாளி: காரணி கையில் இல்லாமலா? எப்படி ஒத்துக்கொள்வது?

நூலகத்தெரு: முடியும். அவர் வழியின் இன்றைய வடிவம் இது: 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி, 2 கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி 65 முறை. முடிவில் 0 வராவிட்டால் அது பகா எண் இல்லை. காரணி எது என்பதை மட்டும் இது சொல்லாது.

கூட்டாளி: அப்படியென்றால் கோல் செய்ததுதான் பெரிய வேலை. கையால் தேடியிருக்கிறார்!

நூலகத்தெரு: கண்மூடித் தேடவில்லை. இதன் காரணி எதுவானாலும் 134-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். 193707721-இல் 1 கழித்து 134-ஆல் வகுத்துப் பாருங்கள், 1445580.

கணக்குப்பிள்ளை: அதற்காக லூக்காஸைக் குறைக்க வேண்டாம்.

தேன்மொழி22: வந்துவிட்டது! மீதி 0, ஈவு 761838257287. பனைமரம் அண்ணா, நன்றி.

கூட்டாளி: நான் யாரையும் குறைக்கவில்லை. காரணியைக் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறுகிறது.