அமெரிக்காவில் சாப்பாட்டுச் செலவு ஏன் இவ்வளவு குறைவு?

காரைக்குடி ஆச்சி:
வீட்டு வரவு செலவை இன்றும் பேரேட்டில் எழுதுகிறேன். மாதச் செலவில் ஏறக்குறைய பாதியை மளிகை, காய்கறி, பால், மீனே தின்றுவிடுகின்றன. நியூஜெர்சியில் இருக்கும் மகனுக்கோ சாப்பாட்டுச் செலவு மிகக் குறைவு. ஆனாலும் கையில் மிஞ்சுவதில்லை என்கிறான். பணம் எங்கே போகிறது?

தேவகோட்டை ஆசிரியர்:
ஆச்சி, உங்கள் கணக்கு நாட்டின் கணக்கோடு ஒத்துப்போகிறது. 2023-24 மத்திய அரசு ஆய்வின்படி குடும்பச் செலவில் உணவின் பங்கு கிராமத்தில் சுமார் 47 சதவீதம், நகரத்தில் சுமார் 40. அமெரிக்காவில் 2023-இல் உணவுக்கு 13 சதவீதம்தான். ஆனால் குடியிருப்புக்கு 33, போக்குவரத்துக்கு 17. வருமானம் உயர உயர உணவின் பங்கு சுருங்கும் என்பதை ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-லேயே காட்டினார். இன்னொன்று: சொந்த வீட்டில் இருப்பவர்கள் அதே வீட்டுக்கு வாடகை கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பை நம் ஆய்வு செலவில் சேர்ப்பதில்லை. முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள உங்கள் செட்டிநாட்டு வளவு வீட்டுக்கு அந்தக் கணக்கில் வாடகைச் செலவே இல்லை!

சிங்கப்பூரிலிருந்து:
இங்கே 55 வயது வரை சம்பளத்தில் 20 சதவீதம் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குப் போய்விடும். வீட்டுக் கடன் தவணையை அதிலிருந்தே கட்டுகிறோம். கார் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, பஸ், ரயில்தான்.

காரைக்குடி ஆச்சி:
நன்றி, தம்பிகளே. வளவு வீட்டு ஓடு மாற்றும் செலவு யாருக்குத் தெரிகிறது! குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோவிலுக்குக் கட்டும் புள்ளி வரியும் மொய்யும் வேறு. இவற்றுக்குத் தனிப் பக்கம் போட்டு, மகனையும் அப்படியே எழுதி அனுப்பச் சொல்கிறேன்.