டெலாக்ருவாவின் மொராக்கோ உடைகளை வரையப் பழகுகிறேன், உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவா 1832-இல் ஒரு தூதுக்குழுவோடு மொராக்கோ போனபோது நிரப்பிய குறிப்பேடுகளைப் பார்த்துப் பென்சிலில் வரையப் பழகி வருகிறேன். தாஞ்சியரிலும் மெக்னெஸிலும் கண்டவர்களை நாலைந்து கோடுகளில் பிடித்துவிடுகிறார். வண்ணம் தீட்ட நேரமில்லாத இடத்தில் துணியின் நிறத்தைப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே அவருடைய அவசரம் எனக்கும் தொற்றிக்கொள்கிறது.

சிக்கல் புர்னூஸில்தான். தலைமூடியோடு வரும் அந்தக் கம்பளி மேலங்கி, நான் வரைந்தால் நனைந்த போர்வை போலத் தொங்குகிறது. உள்ளே ஒரு ஆள் நிற்பதே தெரிவதில்லை. முதலில் உடம்பை லேசாக வரைந்து, மேலே துணியைப் போட்டுப் பார்த்தேன். மடிப்புகள் விறைத்துப்போகின்றன. 2பி பென்சில், சாதாரண கார்ட்ரிட்ஜ் வரைதாள்.

துணி வரைந்து பழகியவர்கள் எங்கிருந்து தொடங்குகிறீர்கள்? தோளிலிருந்தா, விளிம்பிலிருந்தா? எந்த மடிப்பை விட்டுவிடலாம்? அப்புறம், பிரான்சில் லூவ்ர் அருங்காட்சியகத்திலோ ஷாந்தியி அருங்காட்சியகத்திலோ இந்தக் குறிப்பேடுகளை நேரில் பார்த்தவர்கள் இருந்தால், கோட்டின் அழுத்தம் எப்படி இருந்தது என்று எழுதுங்களேன். அச்சுப் படத்தில் அது பிடிபடவே மாட்டேன் என்கிறது.