சூளையிலிருந்து ஆம்புலன்ஸுக்கு: பயிற்சி கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் சொல்லும் அனுபவங்கள்

பயிற்றுநர், விழுப்புரம் மாவட்டம்

ஆறு வருடம் 108-ல் மருத்துவ உதவியாளராக ஓடினேன். இப்போது நான்கு வருடமாக ஒரு இலவசப் பயிற்சி மையத்தில் வகுப்பெடுக்கிறேன். கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்து, அவசர சிகிச்சை வேலைக்குத் தயார் செய்கிறோம். இந்த வழியில் வந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் முதலில் எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வேலையை ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவன் செங்கல் சூளையில் கல் அறுத்தவன். ஒருத்தி பன்னிரண்டாவது முடித்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், உடம்பு ஒத்துக்கொள்ளாமல் திரும்பியவள். இன்னொருவனின் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார், அப்பா இல்லை. முதல் நாள் நான் பாடம் நடத்துவதில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "வீட்டுல யாருக்காவது முடியாமப் போயி, வண்டிக்காகக் காத்துக்கிட்டு நின்னவங்க யாரு?" பாதிக்கு மேல் கை உயரும்.

போன வருடம் ஒரு பெண் எழுந்து, பாம்பு கடித்த தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். கயிற்றுக் கட்டிலோடு மூன்று கிலோமீட்டர் தூக்கி வந்திருக்கிறார்கள். காலில் கடிவாய்க்கு மேலே கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்களாம். அப்புறம் பாம்புக்கடிப் பாடம் வந்தது. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கடிபட்ட காலை அசையாமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் நோட்டைப் பார்த்தேன். மற்றதையெல்லாம் ஒரு தடவை எழுதியிருந்தாள். 'இறுக்கிக் கட்டக் கூடாது' என்பதை மட்டும் மூன்று தடவை எழுதியிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை.

அந்தச் சூளைப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருளர் பழங்குடிப் பையன், அவன் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் ஆள். ஒரு வாரம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்தும் பயிற்சி வந்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுதாக மேலே வர விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளே ஒரு நிமிடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். இவன் பயிற்சிப் பொம்மைக்கு முன்னால் மண்டி போட்டான், முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து எடையை இறக்கினான். பொம்மைக்குள் 'க்ளிக் க்ளிக்' என்ற சத்தம் கடிகாரம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. இரண்டு நிமிடம் முடிந்தும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. நான்கு நிமிடம் போனது. "எங்க தம்பி கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். "கல் அறுக்கும்போது மண்ணை அச்சுல இப்படித்தான் சார் அமுக்குவோம். கையை மடக்குனா சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றான். அன்றிலிருந்து புது ஆட்களுக்கு அவன்தான் கைப்பிடி காட்டிக் கொடுத்தான்.

அந்தப் பொம்மையை வைத்து இன்னொரு கதையும் சொல்வேன். அது உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் பீட்டர் சஃபார் என்ற டாக்டர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருந்தவர். 1960-களில் அந்த ஊரில் ஆளுக்கு முடியாமல் போனால் போலீஸ் வண்டிதான் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் அதுவும் நேரத்துக்கு வராது. 1967-ல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கியபோது, 'இவர்களுக்கு வேலை கொடுக்கவே முடியாது' என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பகுதி இளைஞர்களையே எடுத்தார்கள். பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள். ஏறக்குறைய 300 மணி நேரம் பயிற்சி. அவர்கள் தெருவில் செய்து காட்டியதைத்தான் பிற்பாடு மற்ற ஊர்கள் பார்த்துக் கற்றன. அந்தக் குழுவுக்கு மருத்துவ இயக்குநராக இருந்த நான்சி கரோலைன் உருவாக்கிய பாடத்திட்டம் அமெரிக்கா முழுவதற்குமான மாதிரியாகவே ஆனது. ஆனால் 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி, இவர்களுடையதை மூடியது. புதுச் சேவையில் சேர்க்கப்பட்ட பழைய ஆட்களில் பலர் ஓரங்கட்டப்பட்டு வெளியேறினார்கள். நிலைத்து நின்ற சிலரில் ஜான் மூன் என்பவர் துணைத் தலைவர் வரை உயர்ந்தார். இந்தக் கடைசிப் பகுதியையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். வேலை கற்றுக்கொண்டால் மட்டும் எல்லாக் கதவும் திறந்துவிடாது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதையும் எழுதுகிறேன். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். ஆங்கிலம் பயமுறுத்துகிறது. அட்ரோபின், அட்ரினலின் என்ற இரண்டு மருந்துகளும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. முதல் எழுத்தை மட்டும் பார்த்து மருந்துக் குப்பியை எடுக்கிற பழக்கம் வந்தால் ஆபத்து. அதனால் மருந்தை எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, போடுவதற்கு முன்பு என்று மூன்று தடவை பெயரை வாய்விட்டுப் படிக்க வைக்கிறேன். 'ஹைப்போ' என்றால் குறைவு, 'ஹைப்பர்' என்றால் அதிகம், 'டாக்கி' என்றால் வேகம், 'ப்ராடி' என்றால் மெதுவு. இப்படித் தமிழில் எழுதி ஒட்டினால் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

மொழியைவிடப் பெரிய தடை பணம். இருபதாவது நாள் வாக்கில் வீட்டிலிருந்து போன் வரும். சூளையில் வாங்கிய முன்பணத்துக்கு ஆள் வரச் சொல்கிறார்கள், தங்கச்சிக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். பையன் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நிற்பான். பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று கோட்டாட்சியரிடமிருந்து வர வேண்டும்; அதற்கு அலைவதில் சேர்க்கை தேதியே தாண்டிப் போன பிள்ளைகள் உண்டு. பாடத்துக்கு ஆகும் செலவுக்கு ஆதரவு தேடும் நாம், அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய என்ன செய்வது என்றும் யோசிக்க வேண்டும். நான் பார்த்தவரை ஒரு பிள்ளை முடிப்பதும் பாதியில் நிற்பதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

108 மருத்துவ உதவியாளர், தருமபுரி மாவட்டம்

சார் எழுதியதைப் படித்ததும் என் முதல் மாதம் ஞாபகம் வந்தது. நான் பி.எஸ்சி விலங்கியல். அம்மா கரும்பு வெட்டப் போவார். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடிந்து ஐம்பது நாள் பயிற்சி. பயிற்சியில் பிளாஸ்டிக் பொம்மைக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், இரவு ஷிஃப்ட். மலையடிவாரத்தில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. இரண்டாவது பிரசவம், வலி நெருக்கமாக வந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏற்றிப் பத்து நிமிடம் போயிருப்போம், தலை தெரிந்துவிட்டது. பைலட் (108 வண்டி ஓட்டுநர்) அண்ணனிடம் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். கூட வந்த பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கல்யாணமாகாத பொண்ணு எப்படிப் பிரசவம் பாக்கும்?" என்று கதவைத் திறக்கப் போனார். பைலட் அண்ணன்தான் டார்ச்சை அவர் கையில் கொடுத்து, "ஆயா, நீங்க வெளிச்சம் காட்டுங்க, அந்தப் பொண்ணு பாத்துக்கும்" என்றார். பாட்டி டார்ச்சைப் பிடித்தார்.

குழந்தை வந்தது. அழவில்லை. உடம்பு நீலமாக, துணி மாதிரி கையில் தொங்கியது. எனக்குக் காதில் எதுவும் கேட்கவில்லை. கை மட்டும் பயிற்சியில் செய்ததைச் செய்தது. துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், வாயில் உறிஞ்சி எடுத்துவிட்டு அப்புறம் மூக்கில். அப்போதும் இல்லை. மூச்சுக் கொடுக்கும் சின்ன ஆம்பு பேக்கை மூக்கும் வாயும் மூடுகிற மாதிரி வைத்து அழுத்தினேன். எத்தனை தடவை என்று தெரியாது. முதலில் ஒரு முனகல், அப்புறம் ஒரு தும்மல், அப்புறம் அழுகை. தொப்புள்கொடியில் இரண்டு கிளிப் போட்டு நடுவில் வெட்டி, குழந்தையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்து மூடினேன். பாட்டி டார்ச்சை அணைக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் டியூப் லைட் வெளிச்சத்தில் இறங்கும்போதும் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு பையன் இருக்கிறான். இரவு ஷிஃப்டுக்கு முதலில் வீட்டில் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம், பகலும் இரவும் மாறி மாறி வரும். பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் அம்மா அப்பாவை ஒரு நாள் கூப்பிட்டு வண்டிக்குள் உட்கார வைத்துக் காட்டுங்கள். என் அம்மா ஏறிப் பார்த்த பிறகுதான் பேச்சு மாறியது.

பைலட், வேலூர் பக்கம்

எங்களைப் பற்றியும் நாலு வரி. நான் பத்தாவது, லாரியில் கிளீனராக இருந்து டிரைவர் ஆனவன். ஓட்டுநர் வேலைக்குப் பத்தாவது, மூன்று வருட லைசென்ஸ், பேட்ஜ், உயரம் 162.5 சென்டிமீட்டர் எல்லாம் பார்த்தார்கள். பத்து நாள் பயிற்சி. வேகமாக ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் நாளே என்னைப் பின்னால் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வேறொருவரை ஓட்ட விட்டார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் தலை முன்னால் போய் வந்தது. உள்ளே ஒருத்தர் ஊசி போட்டுக்கொண்டிருப்பார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இன்று வரை வேகத்தடை தெரிந்தால் "தடை வருது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவேன்.

மருத்துவ உதவியாளர் (ஊர் வேண்டாம்)

நான் இதுவரை வெளியில் சொல்லாதது. எங்கள் ஊர் காலனியிலிருந்து நர்சிங் முடித்தவன். முதல் வருடம், பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டிலிருந்து அழைப்பு. பெரியவர் மயங்கிக் கிடக்கிறார், சர்க்கரை நோயாளி. கையுறை போட்டுக்கொண்டு உள்ளே கால் வைக்கும்போதே மகன், "தம்பி எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். "வேற ஆள் இருக்கா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 38, ரொம்பக் குறைவு. சென்னையில் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் சொல்லி, நரம்பில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பெரியவர் கண்ணைத் திறந்தார். "யாருப்பா நீ?" என்றார். "ஆம்புலன்ஸ்ல வந்திருக்கேங்க ஐயா" என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ஆஸ்பத்திரி வரும் வரை விடவில்லை. மகன் வண்டியில் ஏறவில்லை. பின்னால் பைக்கில் வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று இரவு வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "சர்க்கரை எவ்வளவு இருந்துச்சு, என்ன கொடுத்த, எவ்வளவு நேரத்துல முழிச்சாரு" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும், "சரியாத்தான் செஞ்சிருக்க" என்றார். எனக்கு அப்போது வேண்டியிருந்தது அதுதான். இந்தக் கேள்வி எப்படியும் வரும், வந்தால் என்ன சொல்வது என்பதையும் வகுப்பிலேயே பழக்குங்கள். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஒரு தாய்மாமன், கள்ளக்குறிச்சி

அக்கா மகன் பன்னிரண்டாவது முடித்திருக்கிறான், அறிவியல் பிரிவு. அப்பா இல்லை. மூன்று மாதப் பயிற்சி எடுத்தால் 108-ல் வேலை நிச்சயம் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பயிற்றுநர், விழுப்புரம் மாவட்டம்

கொடுக்காதீர்கள் அண்ணே. 108-ல் மருத்துவ உதவியாளராக நர்சிங், டிஎம்எல்டி (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ) அல்லது விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் மாதிரி உயிர் அறிவியல் பட்டம் கேட்கிறார்கள். எங்கள் மூன்று மாதச் சான்றிதழை மட்டும் வைத்து நேராக அதற்குள் போக முடியாது. சேர வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் முடித்தவர்கள் தனியார் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவிலும் அங்கிருக்கும் ஆம்புலன்ஸிலும்தான் முதலில் சேர்கிறார்கள். சம்பாதித்துக்கொண்டே சிலர் மேலே படிக்கிறார்கள். சூளைப் பையன் இப்போது டிஎம்எல்டி இரண்டாம் வருடம்.

உங்கள் பையன் அறிவியல் பிரிவு என்பதால் அரசு மருத்துவக் கல்லூரிகளில் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் பி.எஸ்சி இருக்கிறது, துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் வரும். ஒரு வருடச் சான்றிதழ் படிப்பும் உண்டு. விண்ணப்ப அறிவிப்பு வந்ததும் சாதிச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் கையில் தயாராக இருக்கட்டும்.

அதற்கு முன்னால் அவனுக்கு இந்த வேலை பிடிக்குமா என்று பார்க்க வேண்டும் என்றால், சனிக்கிழமை காலையில் மையத்துக்குக் கூட்டி வாருங்கள். பொம்மை அங்கேதான் இருக்கிறது, இரண்டு நிமிடம் அழுத்திப் பார்க்கட்டும்.